இரண்டு பக்கமும் இறக்கம்

கூவைக்குன்றிலிருந்து மணவாளத்துறைக்கு இறங்குகிற சரளைப் பாதை, ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றின் காலையில், மணவாளத்துறையிலிருந்து கூவைக்குன்றுக்கும் இறங்கத் தொடங்கியது. முந்தைய நாள் வரை அதுவும் மற்ற பாதைகளைப் போல ஒழுங்கான பாதையாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கம் ஏறியது, போகும்போது கொடுத்த சுகத்தைத் திரும்பும்போது மூச்சாகவும் வியர்வையாகவும் கறாராக வசூலித்துக்கொண்டது. அன்று காலை மீன்காரி லீமாறோஸ், கேரியரில் சாளைக் கூடையைக் கட்டி, வழக்கம்போல அடிவாரத்திலிருந்து சைக்கிளைத் தள்ள ஆரம்பித்தபோது, சைக்கிள் அவளுக்கு முன்னால் ஓடப் பார்த்தது. பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். இழுத்துப் பிடித்தாள், பிறகு இத்தனை ஆசையாக ஓடுகிற சைக்கிளை எதற்கு இழுத்துப் பிடிப்பது என்று ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் தாழம்புதர் கடந்தது, முந்திரித் தோப்பு கடந்தது, பாறை வளைவு கடந்தது, முந்தானை பின்னால் படபடக்க, ஒரு மிதி மிதிக்காமல், குன்றின் உச்சிக்கு இறங்கி வந்து சேர்ந்தாள்.

"என்னட்டி லீமா, இன்னைக்கு வேளையோட வந்துட்டே?" என்று கேட்ட முதல் வீட்டுக்காரியிடம், "ரோடு தணிஞ்சு கெடக்கு அக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டு மீனை எடுத்துப் போட்டாள். அவளும் சரி என்று சட்டியை நீட்டினாள். மத்தியானத்துக்குள் ஊரில் பாதிப்பேர் கீழே போய்வந்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள், இது எப்போதும் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும், நாம்தான் கவனிக்கவில்லை என்று சொல்கிறவர்களும் வந்துவிட்டார்கள்.

பாதையைப் பற்றிச் சில விவரங்கள் சொல்லியாக வேண்டும். விவரம் சொல்லாமல் கதை சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. கடலை ஒட்டி எழுந்த செம்மண் குன்றின் தோளைச் சுற்றி, இடது கைப்பக்கம் எப்போதும் கடல் தெரியும்படி இறங்குகிற பாதை அது (திரும்பும்போது கடல் வலது கைப்பக்கம் தெரியும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றாலும், சொல்லிவிடுகிறேன்). இரண்டு முனையிலும் சைக்கிள் ஹேண்டில் மட்டும் நுழைகிற இடைவெளி விட்டு இரண்டிரண்டு கல்தூண்கள் நட்டிருந்தார்கள். அதனால் இன்ஜின் வைத்த எந்த வண்டியும் அந்தச் சரளையில் உருண்டதில்லை. பஸ் வேறு பக்கமாகப் போயிற்று, மலையைச் சுற்றி, வேறு ஊர்களுக்கெல்லாம் நலம் விசாரித்துவிட்டு. பாதையில் கேட்டதெல்லாம் டயருக்கடியில் சரளை நெரிபடுகிற சத்தமும், மணிச் சத்தமும், அலையும்தான்.

மழைக்குச் சரளை கரைந்து கீழே இறங்கிவிடும். அதனால் அந்த ஊரில் கல்லேற்று என்று ஒரு வழக்கம் இருந்தது. அடிவாரத்தில் குவிந்து கிடக்கும் கல்லில் ஒன்றை, ஏறுகிற ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்டு போய் உச்சித் தூணருகே போட வேண்டும். கீழ்த்தூணில், "ஏறுகிறவர் கல் எடுக்கவும்" என்று வெட்டியே வைத்திருந்தார்கள். மணப்பெண் பட்டுச்சேலை மடியில் கல்லோடுதான் புகுந்த வீட்டுக்கு வந்தாள். புதிதாக மாற்றலாகி வந்த போதகர் ஒரு கையில் வேதப்புத்தகமும் மறு கையில் கல்லுமாக வந்தபோது, இரண்டில் எதைக் கீழே வைப்பது என்று தெரியாமல் நின்றதை ஊர் இன்னும் சொல்லிச் சிரித்தது. எடுக்காமல் வந்தவர் மறுநாள் கோயில் முற்றத்தைப் பெருக்க வேண்டும். இப்படி மழை இறக்கியதை மனிதர் ஏற்றி, மனிதர் ஏற்றியதை மழை இறக்கி, குன்று இருந்த இடத்தில் இருந்தது.

செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு யாரும் கல் எடுக்கவில்லை. யாரும் அதை முடிவு செய்யவும் இல்லை. சைக்கிளில் பறந்து வருகிறவர் கல்லை எங்கே வைப்பது?

அதிசயத்தின் இலக்கணத்தை ஊர் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டது. பாதையில் விழுந்த எலுமிச்சம்பழம், அதைப் போட்டவள் எந்தப் பக்கம் பார்த்து நின்றாளோ அந்தப் பக்கம் உருண்டது. எதிரெதிரே வந்த இரண்டு பேரும் ஒரே இடத்தில் இறங்கிக்கொண்டிருந்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக் கையும் காட்டினார்கள். பாதையை விட்டு ஓரப் புதரில் கால் வைத்தால் மட்டும் பழைய மலை அப்படியே இருந்தது, செங்குத்தாக, முள்ளோடு. எனவே யாரும் புதரில் கால் வைக்கவில்லை. சைக்கிள் இல்லாத வீடுகளில் சைக்கிள் வந்தது. கல்யாண ஊர்வலம் சைக்கிளில் போயிற்று. பந்தல்காரர் வாழைக்குலையை ஹேண்டிலில் கட்டிக்கொண்டு ஒரு கையால் ஓட்டினார். பாடகர் குழு கீழே போய்ப் பாடிவிட்டு, மூச்சு வாங்காமல் திரும்பி வந்து மேலேயும் பாடியது. "மேடெல்லாம் தாழ்த்தப்படும் என்று எழுதியிருக்கிறதே," என்று போதகர் பிரசங்கித்தார். அந்த வசனத்தில் அதற்கு முன்னால் பள்ளங்கள் உயர்த்தப்படுவதைப் பற்றியும் ஏதோ வருகிறது. அதை அவர் அன்றைக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். திருவனந்தபுரத்திலிருந்தும் சென்னையிலிருந்தும், தலையில் ஹெல்மெட்டும் உடம்போடு ஒட்டிய கால்சட்டையுமாக, தடித்த டயர் போட்ட சைக்கிள்களில். வண்டி நடமாட்டமே இல்லாத சரளைப் பாதை, ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை என்று படம் பிடித்துப் போட்டார்கள். அவர்கள் மணிக்கட்டில் கட்டியிருந்த கருவி உயரத்தைக் காட்டக்கூடியது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தபோது, புறப்பட்டதைவிடக் கொஞ்சம் தாழ்வாக வந்திருப்பதாக அது காட்டியது. கருவி பழுது என்றார்கள். அடுத்தவர் கருவியும் பழுதாக இருந்தது. இவை எல்லாமே ஒரே நாட்டில் செய்தவை என்று ஒருவர் விளக்கினார், அத்துடன் விஷயம் முடிந்தது. ஒரே ஓர் இளைஞன் மட்டும் முகம் வாடி உட்கார்ந்திருந்தான்.

"என்ன தம்பி, சுகமில்லியா?" என்று கேட்டார்கள்.

"நான் ஏத்தம் ஏறத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்," என்றான் அவன்.

ஊர் அவனுக்காக உண்மையாகவே வருத்தப்பட்டு, கருப்பட்டிக் காப்பி கொடுத்து அனுப்பியது.

அந்தக் கருவிகள் சொன்னதை நம்பியவர் ஒருவர்தான். உச்சித் தூணை ஒட்டி, ஊரிலேயே உயரமான வீட்டில் குடியிருந்த டெய்லர் சூசைநாயகம். அவர் பிறந்தது மணவாளத்துறையில். ஒரு காலைப்பொழுதில் கடல் வீட்டுக்குள் வந்து, அடுப்பில் இருந்த கஞ்சியையும் அடுப்பையும் அடுப்பருகே நின்ற மனைவியையும் எடுத்துக்கொண்டு போனது. அவர் நூல் வாங்க டவுனுக்குப் போயிருந்தார். அதன் பிறகு அவர் ஒருமுறை மேலே பார்த்தார், தெரிந்ததில் உயரமாக எது இருந்ததோ அங்கே தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். சில வருஷம் கழித்து, இடது முட்டு மடங்காத எப்சிபாயைக் கட்டிக்கொண்டார். அவருடையது மாதா கோயில், அவளுடையது போதகரின் கோயில். கல்யாணம் ரெஜிஸ்தர் ஆபீசில் நடந்தது, இரண்டு கோயிலும் சாப்பிட வந்தன. தினமும் காலையில் வாசலில் நின்று கடல் எவ்வளவு கீழே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சூசைநாயகம் மெஷினில் உட்காருவார்.

அவருடைய அளவுகோல் கலங்கரை விளக்கம். மணவாளத்துறைப் பாறையில் நிற்கும் அதை அவர் வாசலிலிருந்து குனிந்துதான் பார்க்க வேண்டும். அதன் கூரையில் காக்கைகள் செய்து வைத்திருந்த அசிங்கம் வரை தெரியும். ஐப்பசியில் கூரை தெரியவில்லை. கார்த்திகையில் விளக்கின் கண்ணாடி அவர் கண்ணுக்கு நேராக இருந்தது. மார்கழியில் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

அவர் படித்தவரல்ல, ஆனால் துணி வெட்டுகிறவர். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் குறையும் என்பது அவருக்குத் தெரியும். வீட்டிலிருந்து புறப்பட்டு இறங்கி, அங்கிருந்தும் இறங்கியே வீட்டுக்கு வந்தால், வந்து சேர்ந்த வீடு புறப்பட்ட வீட்டைவிடத் தாழ்வாகத்தான் இருந்தாக வேண்டும். கடற்கரை அதற்கு மேல் தாழ முடியாது. கடல் மட்டம் என்பது அரசாங்கங்கள் கூடிப் பேசி ஒப்புக்கொண்ட விஷயம். எனவே தாழ்வதெல்லாம் குன்றுதான். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு, பாதையில் கால் படாமல், ஓரப் புதரில் முள்ளைக் கிழித்துக்கொண்டு கீழே போனார். கேரியரிலும் பாரிலும் சாக்குகளில் கல் கட்டி, அதே புதர் வழியாக, பழைய மலையில், பழையபடி மூச்சுவாங்கத் தள்ளிக்கொண்டு ஏறினார். உச்சித் தூணருகே கொட்டினார். மறுநாளும் போனார். கொட்டிய கல் குவியலானதும் எப்சிபாயின் ஆடு அதன் மேல் ஏறி நின்று, ஊர் முழுவதையும் மேற்பார்வை பார்க்கத் தொடங்கியது.

பாதையில் வழுக்கிக்கொண்டு போகிறவர்கள் புதருக்குள் அவரைப் பார்த்தால் மணியடித்தார்கள்.

"டெய்லரண்ணே, புதருக்கு அளவெடுக்கியளா?"

"கை வச்சு தைக்கவா, கை இல்லாமலா?"

அவர் கமிட்டிக்குப் போனார். ஊர்க் கமிட்டியின் செயலாளர் நேசையன், நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வாக்கியத்தைப் பார்த்தால் அது யாரைக் கட்டுப்படுத்தும், யாரைக் கட்டுப்படுத்தாது என்று பிரித்து மேயாமல் விடமாட்டார். அவரைப் பற்றிப் பேசும்போது எனக்கே கொஞ்சம் பாசம் வந்துவிடுகிறது. கூட்டம் வாசகசாலையில் நடந்தது.

"எல்லாரும் புதரு வழியா நடக்கணும்னு சொல்லல்ல," என்றார் சூசைநாயகம். "பாதி பேரு போதும். ஆளுக்கு ஒரு கல்லு. இல்லேன்னா ஊரு கடலுக்குள்ள போயிரும். நான் ஒருக்கா பாத்தாச்சு, நீங்க பாக்கல்ல."

"டெய்லரே, உணர்ச்சிவசப்படாதீரும். தூணுல என்ன வெட்டியிருக்கு?"

"ஏறுகிறவர் கல் எடுக்கவும்."

"சரி. இந்த ஊருல இப்போ ஏறுகவன் யாரு? கைய தூக்குங்க பாப்போம்."

யாரும் தூக்கவில்லை. உண்மையில் யாரும் ஏறவில்லை.

"அப்போ வழக்கத்த யாரும் மீறல்ல," என்றார் நேசையன். "எல்லாரும் இறங்குகானுவ. இறங்குகவன் கல்லு எடுக்கணும்னு எனக்க தாத்தா காலத்துலயும் இல்ல."

பின்வரிசையிலிருந்து ஒருவன், "சூசை அண்ணன் ஏறுகாருல்லா? அவரு எடுத்தா போதும்," என்றான். கூடம் சிரித்தது. நேசையன் சிரிக்கவில்லை. அவர் அதைச் சட்டப்படி சரியான கருத்தாகவே எடுத்துக்கொண்டார்.

அதன் விளைவு தையில் தெரிந்தது. காய்ச்சலாகக் கிடந்த சூசைநாயகம் மருந்து வாங்கக் கீழே போய், உடம்பு முடியாமல் சைக்கிளை மட்டும் புதரில் தள்ளிக்கொண்டு, கல் இல்லாமல் ஏறி வந்துவிட்டார். இது கமிட்டிக்குத் தெரிந்தது. ஊரில் ஏறுகிற ஒரே மனிதர், கல்லேற்று வழக்கத்துக்குக் கட்டுப்பட்ட ஒரே மனிதர், வழக்கத்தை மீறிவிட்டார். மறுநாள் அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கோயில் முற்றத்தைப் பெருக்கினார். நேசையன் பக்கத்தில் நின்று, "தப்பா எடுக்காதீரும், விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்," என்று சொல்லி, பெருக்கி முடிந்ததும் சுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் சூசைநாயகத்தின் பெரிய தோல்வி கமிட்டியில் நடக்கவில்லை, வீட்டில் நடந்தது. எப்சிபாய் சைக்கிள் கற்றுக்கொண்டாள்.

மடங்காத முட்டோடு மலைப்பாதை ஏற முடியாத அவள், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மேலே இருந்தே கடலைப் பார்த்தவள். இப்போது மிதிக்க வேண்டியதே இல்லை. ஒரு காலை மிதியில் வைத்து, மறு காலைத் துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டால் போதும். லீமாறோஸ்தான் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிக் கற்றுக்கொடுத்தாள். முதல் நாள் எப்சிபாய் கடலில் கால் நனைத்துவிட்டு, சேலை ஓரம் ஈரமாக வீட்டுக்கு வந்து, சூசைநாயகம் கேட்காமலேயே, "உப்பா இருக்கு," என்றாள். பிறகு தினமும் போனாள். லீமாறோஸின் வீட்டு முன்னால் உட்கார்ந்து அரட்டை அடித்தாள், வலையில் விழுந்த பெயர் தெரியாத மீன்களைப் பெயர் கேட்டு வைத்துக்கொண்டாள், திரும்பும்போது பாடிக்கொண்டே வந்தாள். அவள் பாடுவாள் என்பதே சூசைநாயகத்துக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஒருக்கா நீ வரும்போ நம்ம வீடு ஒரு நூலு இறங்குது," என்றார் அவர் ஒரு சாயங்காலம், வெட்டின துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இருக்கும்."

"தெரிஞ்சுதான் போறியா?"

"கேட்டீளா, நான் எத்தன வருசம் இந்த வாசல்ல இருந்து அந்தத் தண்ணிய பாத்துட்டே இருந்தேன். உங்களுக்கு அது பயம். எனக்கு அது போக முடியாத எடம். வீடு ஒரு நூலு இறங்குதுன்னு அளந்தியளே, நான் எவ்வளவு சந்தோசமா வாறேன்னு அளந்தீளா? உங்க டேப்புல அதுக்குக் கோடு உண்டா?"

அவர் கொஞ்ச நேரம் மெஷினை ஓட்டினார். நூல் அறுந்திருந்தது, அதைக் கவனிக்காமல் ஓட்டினார்.

"கடலு உன்னையும் எடுத்துட்டுப் போனா நான் எங்க போவேன் எப்சி? இதுக்கு மேல ஏற எடம் இல்ல."

அவள் எழுந்து வந்து நூல் கோத்துக் கொடுத்தாள். மறுநாளும் போனாள். அவரும் புதருக்குள் போனார். அவள் பாதையில் பாடிக்கொண்டு இறங்கும்போது, முள்ளுக்கு நடுவிலிருந்து, "வளைவுல பாத்துப் போ," என்று ஒரு குரல் வரும்.

மாசியில் குன்றின் மிளகுக்கொடிகள் பட்டுப்போயின. தென்னை நன்றாகக் காய்த்தது, எனவே மிளகைப் பற்றி யாரும் பேசவில்லை. பங்குனியில் கிணற்றுத் தண்ணீர் கரித்தது; குழம்புக்கு உப்பு மிச்சம் என்றார்கள், பிறகு குடிக்கப் பஸ்ஸில் தண்ணீர் வரவழைத்தார்கள். முன்பெல்லாம் ஊருக்குக் கீழே சுற்றிக்கொண்டு போன கலங்கரை விளக்கத்தின் ஒளி, கார்த்திகையிலேயே வீடுகளின் ஜன்னல் வழியாக உள்ளே வந்து சுவரில் தொங்கிய படங்களைக் காட்டிவிட்டுப் போனது. சித்திரையில் அது கூரைகளுக்கு மேலே போய்விட்டது. வைகாசியில் ஒரு நண்டு சூசைநாயகத்தின் மெஷின் மிதியில் உட்கார்ந்திருந்தது. உயரம் அளக்க ஓர் அதிகாரி வந்தார். கோயில் சுவரில் வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டிவைத்த உயரக் குறிக்கு நேராகக் கருவியை வைத்துப் பார்த்தார், குறியைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார், கடைசியில், பதிவில் இருக்கிற உயரமே உயரம் என்று சொல்லிவிட்டு, சைக்கிள் ஒன்றை இரவல் வாங்கி, பாதையில் இரண்டு தடவை போய்வந்துவிட்டு, சிவந்த முகத்தோடு ஊரை விட்டுப் போனார்.

இதற்கிடையில் பாதையின் இறக்கமும் குறைந்துகொண்டே வந்தது. அங்கங்கே மிதிக்க வேண்டியிருந்தது. ஊர் முதல்முறையாகக் கவலைப்பட்டது. பாதையைப் பழையபடி சரிவாக்க என்ன வழி என்று கமிட்டி கூடியது.

சூசைநாயகம் மட்டும் ஏற்றிக்கொண்டே இருந்தார். ஊர் முழுவதும் இறக்குவதை ஒருவர் ஏற்றி ஈடுகட்ட முடியாது என்பது அவருக்குத் தெரியாமலில்லை. ஆனால் பழக்கமாகிவிட்டது, தவிர, புதர்வழி ஏற்றமும் இப்போது முன்போல் மூச்சு வாங்க வைக்கவில்லை. அதுதான் அவருக்கு அதிகம் பயமாக இருந்தது.

மறுபடியும் ஆடி வந்தது. மேகம் கவிந்த ஒரு முற்பகலில் கடல் கேறியது, கரையைத் தாண்டி மேலே ஏறி வந்தது. மணவாளத்துறையில் அது புதிதல்ல. அங்கே ஆளுயரக் கருங்கல்லை அடுக்கித் தடுப்புச் சுவர் போட்டிருந்தார்கள். அந்தக் கல்லெல்லாம் கூவைக்குன்றின் மறுபக்கத்திலிருந்து உடைத்தவை. குன்றில் சுவர் இல்லை. குன்றுக்கு யார் கடல் சுவர் கட்டுவார்கள்?

சூசைநாயகம் வாசலில் நின்று பார்த்தபோது, கடல் கீழே இல்லை. முற்றத்துக்கு அப்பால், தென்னைகளுக்கு நடுவே, கண்ணுக்கு நேராக இருந்தது. மணவாளத்துறைப் பக்கம் அலை வெள்ளையாக எழுந்து விழுந்தது. எப்சிபாய் காலையிலேயே போயிருந்தாள்.

புதர்வழியாகப் போனால் மத்தியானம் ஆகும். அவர் சைக்கிளிலிருந்து சாக்குகளை உருவி எறிந்தார். அந்தச் சைக்கிள் மேல் அவர் இந்த ஒரு வருஷமாக உட்கார்ந்ததே இல்லை; அது அவருக்குக் கல் சுமக்கிற மிருகம். இரண்டு தூணுக்கும் நடுவே ஹேண்டிலை நுழைத்து, கண்ணை மூடி, ஏறி உட்கார்ந்தார்.

மிச்சமிருந்த இறக்கம் முழுவதும் அவருக்காகவே வைத்திருந்தது போல இருந்தது. சரளை அடியில் பொரிந்தது. காற்று சட்டைக்குள் புகுந்து முதுகுப்பக்கம் உப்பியது. முள் இல்லை, மூச்சு முட்டவில்லை, முதுகில் பாரம் இல்லை, எதிரில் ஒரு வண்டி இல்லை, பின்னால் ஒரு ஹாரன் இல்லை, பாறை வளைவில் கடல் ஒரு கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் கூடவே ஓடி வந்தது, முந்திரி மரங்கள் விலகிக்கொடுத்தன, அவருடைய வாய் அவரைக் கேட்காமல் திறந்து ஏதோ ஒரு சத்தம் போட்டது, அது பயத்தின் சத்தம் இல்லை என்பது அவருக்கே கேட்டது. இதற்காகத்தானா, என்று நினைத்தார். ஊரை முழுக்க மன்னித்துவிட வேண்டும் போலிருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் பிரேக்கைப் பிடிக்கவும் இல்லை.

எப்சிபாய் தடுப்புச் சுவருக்குப் பின்னால், லீமாறோஸின் வீட்டு முன்னால், முட்டு நீட்டி உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கும் மீனும் தின்றுகொண்டிருந்தாள்.

"நீங்களா?" என்றாள். பிறகு சைக்கிளைப் பார்த்தாள், சாக்கு இல்லாத கேரியரைப் பார்த்தாள். "ரோட்டுலயா வந்திய?"

தலையை மட்டும் ஆட்டினார்.

"அண்ணே, இங்க ஒண்ணும் ஆவாது, செவரு இருக்கு," என்றாள் லீமாறோஸ். "உங்க பக்கம்தான் செவரும் இல்ல, போக்கும் இல்ல. ரெண்டு பேரும் இங்கயே இரிங்க."

சூசைநாயகம் சுவரைப் பார்த்தார். சுவருக்கு மேலே தெரிந்த நுரையைப் பார்த்தார். பழைய வீடு நின்ற இடம் அங்கிருந்து தெரியும். அந்தப் பக்கம் மட்டும் திரும்பவில்லை. "இரிப்போம்," என்றார். அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்கு ஒரு வாழ்நாள் பிடித்திருந்தது.

எப்சிபாய் கையைக் கழுவினாள். "ஆட்டை அவுத்து விட்டீளா?"

அவர் அவளைப் பார்த்தார்.

"தூணுல கட்டிப் போட்டுட்டுல்லா நான் வந்தேன்."

வேறு யாரிடமும் சொல்லியனுப்ப நேரமில்லை. பாதையில் போகிறவர்கள் யாரும் இல்லை. புதர்வழி நடக்க அவள் முட்டால் முடியாது, அவளை விட்டுவிட்டுப் போக அவரால் முடியாது. பாதையில் போனால் வீடு ஒரு நூல் இறங்கும், இரண்டு பேர் பாரம் என்றால் இரண்டு நூலோ என்னவோ. மிச்சம் எத்தனை நூல் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அவள் வந்த சைக்கிளை லீமாறோஸின் வீட்டில் விட்டுவிட்டு, அவர் தன் சைக்கிளைத் திருப்பினார். "உக்காரு," என்றார்.

கீழ்த்தூணருகே, "நில்லுங்க," என்று அவர் தோளைத் தட்டினாள். கேரியரிலிருந்து சரிந்து இறங்கி, நொண்டி நொண்டிப் போய், இத்தனை மாதமாக அவர் ஒருவர் மட்டுமே எடுத்துவந்த குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"இறங்குகவங்க எடுக்க வேண்டாம்னு நேசையன் சொல்லியிருக்காருல்லா," என்றார் அவர்.

"மிதியுங்க," என்றாள்.

அவர்கள் இறங்கினார்கள். அவள் பாடவில்லை. முந்திரித் தோப்பைத் தாண்டியதும் அவர் மிதிக்க வேண்டியிருந்தது, பாறை வளைவு தாண்டியதும் பாதை மேசைபோலக் கிடந்தது, கடைசி வளைவில் சரளையின் சத்தம் நின்று, சக்கரத்தின் கம்பிகள் தண்ணீரைக் கிழிக்கிற சத்தம் கேட்டது.

ஊர் முழங்கால் தண்ணீரில் நின்றது. அரிசிப் பானைகளைக் கட்டில் மேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வாசலில் நின்றபடியே தூண்டில் போட்டுப் பார்த்தார். நேசையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உச்சித் தூணைப் பிடித்தபடி நின்றிருந்தார். அந்தத் தூணுக்கு உச்சி என்ற பெயர் இனிப் பொருந்துமா என்று யோசிப்பவர் போலிருந்தார்.

தூணருகே, தண்ணீருக்கு வெளியே தெரிந்தது ஒன்றே ஒன்று. சூசைநாயகம் இத்தனை மாதமாக ஏற்றிய கல். அது ஓர் ஆடு நான்கு காலையும் சேர்த்து வைத்து நிற்கிற அளவு இருந்தது. ஆடு நின்றுகொண்டிருந்தது.

எப்சிபாய் இறங்கி, சேலையைத் தூக்கிப் பிடிக்காமல், தண்ணீருக்குள் நடந்து போனாள். மடியில் இருந்த கல்லை எடுத்தாள். "டெய்லரே," என்று நேசையன் தயங்கித் தயங்கி, "இறங்கி வந்தவங்க கல்லு எடுக்கணும்னு விதி இல்ல," என்றார். பிறகு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "எடுக்கக் கூடாதுன்னும் இல்ல," என்றார்.

சூசைநாயகம் ஆட்டின் முன்காலிரண்டையும் தூக்கிப் பிடித்தார். எப்சிபாய் அடியில் கல்லை வைத்து, ஆடாதபடி இரண்டு கையாலும் அழுத்திவிட்டாள். அவர் காலை விட்டார்.

ஆடு ஒரு நூல் உயர்ந்தது.